இருபது வயதுப் பிக்கப்பும் ஐயாயிரம் பவுண்டு டிரெய்லரும்: ஹிட்ச், பிரேக் கன்ட்ரோலர், ஆயில் கூலர் பற்றிய மதிப்புரை

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப் டிரக் 2004ஆம் ஆண்டின் செவர்லே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 இன்ஜின், 4எல்60-இ என்ற நான்கு கியர் தானியங்கி கியர்பாக்ஸ், நான்கு சக்கர இயக்கம், பின்னால் இரு குழந்தைகள் அமரக்கூடிய நீட்டிய கேபின் ஆகியவை கொண்ட வண்டி அது. 22 அடி நீளமுள்ள பழைய டிராவல் டிரெய்லர் (உள்ளே தங்கிக்கொள்ளும் இழுவண்டி) ஒன்றை அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைச்சாலைகளில் இழுப்பதற்காக இந்த வண்டியில் மூன்று பொருள்களைப் பொருத்தினோம். டிரெய்லரை டிரக்குடன் இணைக்கும் ஈக்வலைசர் எடை பகிர்வு ஹிட்ச், டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் டெக்கோன்ஷா ப்ராடிஜி பி3 பிரேக் கன்ட்ரோலர், கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் ட்ரூ-கூல் ஆயில் கூலர் என்ற அந்த மூன்றையும் இரண்டு கோடைக்காலங்கள், ஏறத்தாழ 4,000 மைல் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் டிரெய்லர் வாங்க எண்ணியதும் முதலில் பார்ப்பது வண்டியின் இழுவைத் திறன் எத்தனை பவுண்டு என்பதைத்தான். நானும் அதையே பார்த்தேன். டேஷ்போர்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் ஜிடி4 என்ற குறி இருந்தது. பின் அச்சின் கியர் விகிதம் 3.73 என்பது அதன் பொருள். அதே சீட்டில் இருந்த இசட்82 என்பது, தொழிற்சாலையிலேயே ஹிட்சை மாட்டும் ரிசீவரும் ஏழு முனை மின் இணைப்பும் பொருத்தப்பட்ட வண்டி என்பதைக் காட்டியது. இந்த அமைப்புக்குக் கையேடு தரும் இழுவைத் திறன் 7,000 பவுண்டுக்கும் மேல். நாங்கள் வாங்க நினைத்த டிரெய்லரோ பொருள்கள் ஏற்றிய பிறகும் 5,500 பவுண்டைத் தாண்டக்கூடாதது. ஆகவே தாராளமாக இடமிருக்கிறது என்று நம்பினேன். அந்த நம்பிக்கை தவறு என்பதை ஓர் எடைமேடைதான் எனக்குக் காட்டியது.

ஊரில் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் மாடுகளின் கழுத்து தாங்காது. பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். டிராவல் டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை முன்பாரமாக, டிரெய்லர் வந்து அமரும் ஹிட்ச் பந்தின் மேல் இறங்க வேண்டும். அது குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வால்போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அதிகமானால் அத்தனையும் பிக்கப்பின் பின் அச்சின் மேல் விழும். நாம் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு: இந்த முன்பாரம், டிரக் இழுக்கும் எடை என்பதோடு, டிரக் சுமக்கும் எடையும் ஆகும்.

எங்கள் வண்டியின் கதவோரச் சீட்டின்படி, வண்டியும் அதில் ஏறிய அனைத்தும் சேர்ந்து 6,400 பவுண்டைத் தாண்டக்கூடாது. நான் மட்டும் அமர்ந்து, தொட்டி நிறையப் பெட்ரோலுடன் எடை போட்டுப் பார்த்தபோது வண்டி 5,240 பவுண்டு இருந்தது. மிச்சம் 1,160. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் 330 பவுண்டு, எடை பகிர்வு ஹிட்ச் 100 பவுண்டு, டிரெய்லரின் முன்பாரம் 640 பவுண்டு என்று கூட்டினால் 1,070 ஆகிவிடுகிறது. அதாவது 7,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று எழுதப்பட்ட வண்டியில், 5,100 பவுண்டு டிரெய்லரை மாட்டியதுமே சுமப்பதற்கு எஞ்சியிருந்தது வெறும் 90 பவுண்டு. பின்புறச் சரக்குத் தட்டில் இரண்டு மிதிவண்டிகளும் ஒரு குளிர்பெட்டியும் வைத்தால் அதுவும் தீர்ந்துவிடும். எங்கள் 1500 போன்ற அரை டன் வகைப் பிக்கப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இழுவை வரம்பை எட்டுவதற்கு வெகு முன்பே சுமை வரம்பை எட்டிவிடுகின்றன என்பதைப் பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் டிரெய்லருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அறிந்திருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

இந்தக் கணக்கைச் செய்ய உதவியது லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடை. மூன்று தட்டுகள் கொண்ட அந்த மேடையில் முன் அச்சு ஒன்றிலும் பின் அச்சு ஒன்றிலும் டிரெய்லரின் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்குமாறு வண்டியை நிறுத்தினால், மூன்று எடைகளையும் மொத்தத்தையும் தனித்தனியாக அச்சிட்டுத் தருவார்கள். முதல் நிறுவைக்கு பத்துப் பதினைந்து டாலர் ஆகும்; அதே மேடையில் 24 மணி நேரத்துக்குள் மீண்டும் எடை போட்டால் கட்டணம் அதில் ஒரு சிறு பகுதியே. லாரிகள் வரிசையில் நிற்கும் பகல் நேரத்தைத் தவிர்த்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செல்வது நல்லது. நிதானமாக நிறுத்தவும், டிரெய்லருடனும் இல்லாமலும் மாறி மாறி நிறுத்துப் பார்க்கவும் அப்போதுதான் முடியும். இந்த மதிப்புரையில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் மிகக் குறைந்த பணத்துக்கு மிகுந்த பயன் தந்தது இந்தச் சீட்டுகள்தாம்.

இனி ஹிட்ச். நாங்கள் வாங்கியது ஈக்வலைசரின் 10,000 பவுண்டு டிரெய்லருக்கும் 1,000 பவுண்டு முன்பாரத்துக்கும் உரிய அளவு. யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரில் தயாராகும் இந்த ஹிட்சின் இரண்டு எஃகுத் தண்டுகள் நெம்புகோல்போல் செயல்பட்டு, பின் அச்சின் மேல் குவிந்த எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்புகின்றன. அதே தண்டுகள் தாங்கிகளின் மேல் உராய்ந்து டிரெய்லர் ஆடுவதையும் தடுக்கின்றன. சங்கிலியில் தண்டுகளைத் தொங்கவிடும் வகையில் ஆட்டத்தைத் தடுக்கத் தனியாக ஒரு கருவியை மாட்ட வேண்டியிருக்கும். இதில் அது தேவையில்லை. பின்னோக்கி ஓட்டும்போது எதையும் கழற்ற வேண்டியதும் இல்லை. கூடாரத் திடலில் இருட்டிய பிறகு இடம் பார்த்துப் பின்னோக்கிச் செலுத்தும்போது அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் இந்த ஹிட்சைச் சரியாக அமைப்பதில்தான் அதன் பயன் முழுவதும் இருக்கிறது. முதலில் இதைப் பொருத்தித் தந்த பட்டறை, டிரக்கின் உயரத்தையும் டிரெய்லரின் உயரத்தையும் அளக்கவே இல்லை. ஹிட்சின் தலைப்பகுதியைச் சாய்வே இல்லாமல் நேராக வைத்து முறுக்கி, தண்டுகளைத் தாங்கிகளின் மேல் எளிதாக ஏற்றிக்காட்டி, அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று கணக்குச் சீட்டை நீட்டினார்கள். தண்டுகள் அவ்வளவு எளிதாக ஏறினால் அவை எடையைத் தாங்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீடு திரும்பும் வழியில் பெரிய லாரிகள் கடந்து செல்லும்போதெல்லாம் வண்டியின் முன்பகுதி மிதப்பதுபோல் இருந்தது. ஸ்டியரிங் கைக்கு இலேசாக இருந்தது. எதிரே வந்தவர்கள் எங்கள் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று சைகை காட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு எடைமேடை காரணத்தைச் சொன்னது. டிரெய்லர் இல்லாமல், குடும்பத்துடனும் ஹிட்சுடனும், முன் அச்சின் மேல் 3,140 பவுண்டு இருந்தது. டிரெய்லரை மாட்டித் தண்டுகளை மாட்டாமல் நிறுத்தபோது அது 2,900 ஆகக் குறைந்தது. பட்டறை அமைத்தபடியே தண்டுகளை மாட்டியபோது 2,940. இழந்த 240 பவுண்டில் 40 மட்டுமே திரும்பியிருந்தது. திசை திருப்புவதும் பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கு வகிப்பதும் முன்சக்கரங்கள்தாம் என்பதை நினைத்தால், அப்படி ஒரு நிலையில் என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வந்தேன் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

கையேட்டை முன்னே வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் நானே மீண்டும் அமைத்தேன். சமதளத்தில் நிறுத்தி முன்சக்கர வளைவின் உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு அது 36½ அங்குலம். டிரெய்லர் மாட்டியதும் 37½ ஆயிற்று. ஹிட்ச் தலைக்குப் பின்னால் வாஷர்களைக் கூட்டிச் சாய்வை அதிகமாக்கி, டிரெய்லர் சட்டத்தில் உள்ள தாங்கிகளை ஒரு துளை மேலே ஏற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மாட்டி, அளந்து, கழற்றி, மூன்றாம் முறையில் 36¾ அங்குலத்துக்கு வந்தது. தலைப்பகுதி போல்ட்டுகளுக்குத் தேவையான முறுக்கு விசை வீட்டில் வழக்கமாக இருக்கும் டார்க் ரெஞ்சுக்கு எட்டாதது. பெரிய ரெஞ்சை உதிரிபாகக் கடையில் இரவல் வாங்கிக்கொள்ளலாம். இதன் பிறகு எடைமேடையில் முன் அச்சு 3,060, பின் அச்சு 3,130, டிரெய்லர் 4,580 பவுண்டு என்று காட்டின. டிரக்கின் பங்கு 6,310 பவுண்டிலிருந்து 6,190 ஆகக் குறைந்திருந்தது. சுமை வரம்புக்குள் எஞ்சியிருந்த 90 பவுண்டு 210 ஆனது. எனினும் எடை பகிர்வு ஹிட்ச் வண்டியின் வரம்புகளை உயர்த்துவதில்லை, இருக்கும் எடையைப் பரப்பித் தருகிறது, அவ்வளவே. ஆகவே அந்த 210ஐ நான் நிரப்பப் பார்ப்பதில்லை.

இந்த வகை ஹிட்சு திருப்பங்களில் உரக்க முனகும். இரும்பும் இரும்பும் உராய்வதால்தான் ஆட்டம் அடங்குகிறது என்பதால், உராய்வை நம்பும் ஹிட்சுகள் எல்லாவற்றுக்கும் இது பொதுவான இயல்பு. தலைப்பகுதிக் குழிகளுக்குக் கிரீஸ் இட்டால் ஓரளவு குறைகிறது. தண்டுகளின் எடையும் கவனிக்க வேண்டியது. இடுப்பு வலி உள்ளவர்கள், தண்டுகளை ஏற்றும் முன் ஜாக்கியால் டிரெய்லரின் முன்பகுதியையும் டிரக்கின் பின்பகுதியையும் சேர்த்து உயர்த்திக்கொள்ள வேண்டும்.

பிரேக் கன்ட்ரோலருக்கு வருகிறேன். டிராவல் டிரெய்லர்களின் பிரேக் பெரும்பாலும் மின்காந்தத்தால் இயங்குவது. டிரக்கிலிருந்து மின்சாரம் வந்ததும் டிரம்முக்குள் இருக்கும் காந்தம் சுழலும் டிரம்மின் முகத்தைப் பற்றுகிறது; அந்த இழுப்பில் ஒரு கை நகர்ந்து பிரேக் ஷூக்களை விரிக்கிறது. எவ்வளவு மின்சாரத்தை எப்போது அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பதுதான் கன்ட்ரோலர். 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் வேண்டும் என்பது பல மாநிலங்களின் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு டிரக்கின் எடைக்கு நிகரான இன்னொரு எடையை அந்த டிரக்கின் பிரேக்கை மட்டும் நம்பி மலையிறக்கத்தில் இறக்கக் கூடாது.

எங்கள் டிரக்கை முன்பு வைத்திருந்தவர் மலிவான நேர அடிப்படையிலான கன்ட்ரோலர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். நாம் மெதுவாக மிதித்தாலும் பலமாக மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். மிதித்த கணத்திலிருந்து நேரம் செல்லச் செல்ல மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நகரத்து நெரிசலில் டிரெய்லர் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தது. அவசரமாக மிதித்தபோதோ அது விழித்துக்கொள்ளத் தாமதித்தது. ப்ராடிஜி பி3 வேறு வகை. டிரக்கின் வேகம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைத் தன்னுள்ளே இருக்கும் உணரியால் அறிந்து, அதற்கு ஏற்ற அளவு மின்சாரத்தை அனுப்புகிறது. மாட்டிய முதல் நாளிலேயே வேறுபாடு தெரிந்தது: பின்னால் டிரெய்லர் தள்ளுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை, வண்டி முழுவதும் ஒரே உடலாக நின்றது.

இந்தத் தலைமுறை சில்வராடோக்களில் டேஷ்போர்டின் கீழ், ஸ்டியரிங்குக்கு இடப்புறமாக, கன்ட்ரோலருக்கான இணைப்பு முன்கூட்டியே இருக்கிறது. வண்டியின் ஆண்டுக்கு உரிய அடாப்டர் வயரை வாங்கினால் ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை. ஆயினும் இன்ஜின் பக்கத்து ஃபியூஸ் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம். டிரெய்லருக்கு மின்சாரம் தரும் வயர்கள் அங்கே இணைக்கப்படாமல் சுருட்டி விடப்பட்டிருப்பது உண்டு. பலர் கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று எண்ணி மாற்றுவது இதைப் பார்க்காமல்தான். இருபது ஆண்டு மழையிலும் சாலை உப்பிலும் நனைந்த ஏழு முனைப் பிளக்கையும் நான் தயங்காமல் புதிதாக மாற்றினேன். அதன் முனைகள் பச்சை பூத்திருந்தன. பிரேக்குக்குச் செல்லும் மின்சாரம் அப்படிப்பட்ட முனையில் குறைந்துவிடும்.

பி3ஐ அளவுபடுத்துவது எளிது. ஆளில்லாத, சமமான, ஈரமில்லாத சாலையில் 25 மைல் வேகத்தில் சென்று, கையால் தள்ளும் நெம்பை முழுவதும் அழுத்த வேண்டும். டிரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு இழுபட்டால் சக்தியைக் குறைத்து, மந்தமாக நின்றால் கூட்டி, பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன்பான இடத்தில் விட வேண்டும். பிரேக்கின் தொடக்கச் சக்தியைக் கூட்டும் பூஸ்ட் என்ற அமைப்பில் மூன்று படிகள் உள்ளன. டிரக்கைவிடக் கனமான டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு மேற்படிகள் உதவும், எங்களுக்கு முதற்படியே போதுமாக இருந்தது. டிரெய்லரின் இணைப்பு துண்டிக்கப்பட்டால் திரையில் அறிவிப்பு வருகிறது. அந்தக் கைநெம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் டிரக்கின் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, இந்த நெம்பை மட்டும் மென்மையாக அழுத்த வேண்டும். டிரெய்லர் பின்னோக்கி இழுக்கப்பட்டு நேராகிவிடும். ஆகவே கன்ட்ரோலரை அழகுக்காக மூலையில் மறைக்காமல், பார்க்காமலே கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். என் மனைவியும் இந்த வண்டியை ஓட்டுவதால், இருவருமே வெற்று வாகன நிறுத்தத்தில் அதைப் பலமுறை பழகிக்கொண்டோம்.

மூன்றாவது பொருளான ஆயில் கூலரின் தேவை மலையில்தான் புரியும். தானியங்கி கியர்பாக்ஸின் எதிரி வெப்பம். எங்கள் 4எல்60-இயின் நான்காவது கியர் 0.70 விகிதம் கொண்ட ஓவர்டிரைவ், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுழல வண்டி வேகமாக ஓடும் கியர். டிரெய்லருடன் ஏற்றத்தில் அதில் விட்டால் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மாறி மாறித் தடுமாறி ஆயிலைக் கொதிக்க வைக்கும். கியர் நெம்பின் நுனியில் இருக்கும் டோ/ஹால் (இழுவை/சுமை) பொத்தான் இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் நானே மூன்றாம் கியருக்கு மாற்றிவிடுவேன். 1996க்குப் பிறகு இந்நாட்டில் விற்ற கார்களிலும் இத்தகைய பிக்கப்புகளிலும் வண்டிக் கணினியின் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி2 இணைப்பு இருப்பதால், மலிவான ஒரு பிளக்கை மாட்டிக் கைப்பேசியிலேயே கியர் ஆயிலின் வெப்பத்தைப் பார்க்கலாம். டென்வரிலிருந்து 285ஆம் எண் நெடுஞ்சாலையில் தென்மேற்காகச் செல்லும்போது சுமார் 10,000 அடி உயரத்தில் கெனோஷா கணவாய் வருகிறது. கூலர் இல்லாமல் சென்ற முதல் பயணத்தில் அந்த ஏற்றத்தில் வெப்பம் 232 பாரன்ஹீட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, மீண்டும் ஏறினோம்.

அடுக்குத் தட்டு வகையைச் சேர்ந்த ட்ரூ-கூலை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தி, ஆயில் முதலில் ரேடியேட்டரின் உள்கூலர் வழியாகவும் பிறகு இதன் வழியாகவும் சென்று கியர்பாக்ஸுக்குத் திரும்புமாறு இணைத்தோம். பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை மாற்றி, டெக்ஸ்ரான் 6 வகைக் கியர் ஆயில் நிரப்பினோம். அதே ஏற்றத்தில், அதே டிரெய்லருடன், ஆகஸ்டு மாத வெயிலில் இப்போது 200ஐத் தாண்டுவதில்லை. இன்ஜினைப் பற்றி எனக்குக் குறையில்லை. எனினும் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு சக்தியை அது இழக்கிறது. கணவாயின் உச்சியில் 300க்குச் சற்றே குறைந்த குதிரைத்திறன் 200 அளவுக்கு வந்துவிடும். 40 மைல் வேகத்தில் வலப்புறத் தடத்தில் பொறுமையாக ஏறுவதே அங்கே சரியான ஓட்டம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பயணிகள் கார் வகை டயர்களை எடுத்துவிட்டு எல்டி (லைட் டிரக்) வகையில் கூடுதல் சுமை தாங்கும் ஈ தர டயர்கள் போட்டோம். பி என்று தொடங்கும் டயர்களைப் பிக்கப்பில் பயன்படுத்தினால் அவற்றின் சுமைத்திறனை 1.10ஆல் வகுத்துக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. டிரெய்லர் டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். எங்களுடையவை பார்வைக்குப் புதியவைபோல் இருந்தும் ஒன்பது வயதானவை என்பதால் நான்கையும் மாற்றினோம். பிரேக் திரவம், ரப்பர் குழாய்கள், ரேடியேட்டர் குழாய்கள், விசிறி கிளட்ச் ஆகியவை வயதுக்காகவே மாற்றப்பட்டன. நீட்டக்கூடிய பக்கக் கண்ணாடிகளைத் தவிர்த்துச் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

விலையைச் சொன்னால், ஹிட்சுக்கு 750 டாலரும், கன்ட்ரோலருக்கும் அடாப்டருக்கும் 200க்குச் சற்று குறைவும், கூலருக்கு 150ம் கொடுத்தேன். மூன்றில் ஒன்றை மட்டும் இப்போது வாங்க முடியும் என்பவர்களுக்குக் கன்ட்ரோலரைத்தான் முதலில் சொல்வேன். கூலரை ஒரு மாதம் தள்ளிப்போட்டுச் சமவெளியில் ஓட்டலாம். ஆனால் எடை பகிர்வு ஹிட்சையும் வாங்கும் வரை ஐயாயிரம் பவுண்டு டிரெய்லரைக் கிளப்பவே வேண்டாம். ரிசீவரில் ஒட்டியுள்ள சீட்டில் எடை பகிர்வு ஹிட்சுக்கும் அது இல்லாத முறைக்கும் தனித்தனி வரம்புகள் எழுதப்பட்டிருக்கும், அதையும் படித்துவிடுங்கள்.

சென்ற செப்டம்பரில் இந்த அமைப்புடன் கெனோஷா, பொஞ்சா ஆகிய இரு கணவாய்களையும் கடந்து கிரேட் சாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்காவுக்குச் சென்றோம். பெய்லிக்கு முன் வரும் குரோ ஹில் இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டு, இடைவிட்டு இடைவிட்டு பிரேக்கைத் தொட்டபடி இறங்கினேன். கீழே வந்து நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். டிரக்கின் நான்கும் டிரெய்லரின் நான்கும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தன. பின்னிருக்கையில் சின்னவள் விழிக்கவே இல்லை.